நோராவை உறைய வைக்கலாம், எழுப்புவதுதான் பெரும்பாடு

நோரா, பேட்மேன் காமிக்ஸில் வரும் வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸின் மனைவி. 1959 பிப்ரவரியில் வந்த பேட்மேன் 121-ஆம் இதழில் அந்த வில்லன் அறிமுகமானபோது அவன் பெயர் மிஸ்டர் ஸீரோ. பனித் துப்பாக்கி ஒன்றைச் செய்யப்போய் விபத்தில் மாட்டுகிறான். அதன்பின் குளிரூட்டிய உடையைக் கழற்றினால் உயிர் தங்காது. வைரம் திருடுவான், பேட்மேனிடம் சிக்குவான், அவ்வளவுதான் ஆள். 1966-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் அவனை மிஸ்டர் ஃப்ரீஸ் ஆக்கியது. பெயர் மாறியதே தவிர சரக்கு பழையதுதான்.

அந்தத் துப்பாக்கியில் இயற்பியல் இடிக்கிறது. குளிர் என்று தனியாக ஒன்று கிடையாது. வெப்பம் குறைந்திருப்பதுதான் குளிர். உறைகுளிர் திரவத்தைப் பீச்சலாம், ஆனால் குளிரையே கதிராக்கிப் பாய்ச்ச வழியில்லை. உடையின் கதையும் அப்படித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை விடுகிறது. அதை உடைக்குள்ளிருந்து இறைத்து வெளியே கொட்டும் இயந்திரம், தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாகச் சேர்த்துக் கொட்டும். ஃப்ரீஸ் நுழைந்த அறையில் பனி படர்வதாக வரைகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் புழுங்க வேண்டும்!

1992-இல் பேட்மேன் அனிமேஷன் தொடருக்குப் பால் டினி எழுதிய ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ இவனை வேறு ஆளாக்கியது. இங்கே அவன் விக்டர் ஃப்ரைஸ், விஞ்ஞானி. தீரா நோயுற்ற மனைவி நோராவை, மருந்து கண்டுபிடிக்கும்வரை உறைய வைத்துக் காக்கிறான். செலவு கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி ஆய்வை நிறுத்த வர, தள்ளுமுள்ளில் ரசாயனங்களுக்கிடையே விழுகிறான் விக்டர். எழுத்துக்காக எம்மி விருது வாங்கிய அத்தியாயம் இது. 1997-இல் காமிக்ஸும் இந்த முன்கதையை எடுத்துக்கொண்டது. என்னைக் கேட்டால், இதில் கதை மட்டும் தேறவில்லை, அறிவியலும் தேறியது. துப்பாக்கியில் இருந்த குளிர், நோரா உறைந்திருக்கும் பெட்டகத்துக்குப் போனதும், கேள்வி நிஜமான உயிரியல் கேள்வியாகிவிட்டது.

உடல் உறையும்போது பனி முதலில் செல்களுக்கு வெளியேதான் உருவாகும். தூய நீர் மட்டும் பனியாவதால் மிச்சமிருக்கும் திரவத்தில் உப்பு செறிந்து, செல்லின் நீரை உறிஞ்சி வற்ற வைக்கும். செல்லுக்குள்ளேயே படிகம் முளைத்தால் சவ்வு கிழியும். வட அமெரிக்கக் காட்டுத் தவளை ஒன்று உடல்நீரில் பாதிக்கு மேல் பனியான பிறகும் வசந்தத்தில் துள்ளி எழுகிறது. உறையத் தொடங்கியதும் அதன் ஈரல் குளுக்கோஸை வாரி இறைத்துச் செல்களைக் காக்கிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆய்வகத்தின் வழி வேறு. உறைதல் தடுப்பு ரசாயனங்களை ஏற்றிச் சடாரெனக் குளிர்வித்தால், நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகிவிடும். கருத்தரிப்பு மையங்களில் கருமுட்டைகள் இப்படித்தான் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கின்றன. கருமுட்டை தம்மாத்தூண்டு, அதனால் சமாளிக்கலாம். முழு உறுப்பில் சிக்கல் திரும்பி வரும் பாதையில் இருக்கிறது. குளிர்வித்ததைவிட வேகமாகச் சூடேற்றியாக வேண்டும். தாமதித்தால் நடுவழியில் படிகம் முளைக்கும். வெளிப்புறம் மட்டும் முந்திச் சூடானால் விரிசல் விழும்.

2023-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிச் சிறுநீரகங்களை 100 நாள் வரை இப்படி வைத்திருந்தார்கள். ரத்தக் குழாய்களில் முன்பே செலுத்தியிருந்த இரும்பு ஆக்சைடு நானோ துகள்களை மாறும் காந்தப்புலத்தால் சூடாக்கி, உறுப்பை உள்ளிருந்தே சீராக மீட்டார்கள். எலிகளுக்குப் பொருத்தியபோது அவை வேலையும் செய்தன. மனிதச் சிறுநீரகம் அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு பெரியது. மூளையோடு ஒரு முழு உடல் என்பது பேச்சளவில்கூட இன்னும் எட்டவில்லை. நோராவின் நோய்க்கு நாளைக்கே மருந்து வந்தாலும், அதை அவளுக்குக் கொடுக்க விக்டரால் முடியாது.