கட்டில் சந்தில் ஒரு குடித்தனம்

கொசு குடித்த கையோடு பறந்துவிடும். மூட்டைப்பூச்சிக்கு அந்த வசதி இல்லை. இறக்கை கிடையாது; தெள்ளுப்பூச்சியைப் போலத் துள்ளவும் வராது. நிறைந்த வயிற்றைச் சுமந்துகொண்டு நடந்தேதான் வீடு திரும்ப வேண்டும். அதனால் நாம் தூங்கும் இடத்தை விட்டு அது அதிகம் விலகுவதில்லை. மெத்தை விளிம்பின் தையல், கட்டில் சட்டம் பொருந்தும் சந்து, தலைமாட்டுச் சுவரின் வெடிப்பு: ஏடிஎம் அட்டை நுழையும் இடுக்கு இருந்தால் போதும், குடித்தனம் தொடங்கிவிடும். அழுக்கு வீட்டில்தான் வரும் என்பது வீண்பழி. அதற்கு வேண்டியது இடுக்கும் ரத்தமும்தான்.

வளர்ந்த பூச்சி 5 முதல் 7 மில்லிமீட்டர் நீளம், பழுப்பு நிறம், தட்டையான உடல். நம் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவும் உடல் சூடும் அதற்கு வழிகாட்டுகின்றன. ஐந்து, பத்து நிமிடம் குடித்ததும் உப்பி, நீண்டு, கருஞ்சிவப்பாகிவிடும். குஞ்சுகள் கண்ணாடிபோல வெளிறியிருக்கும்; குடித்த ரத்தம் வயிற்றுக்குள் பொட்டாகத் தெரியும். ஐந்து முறை தோலுரித்த பிறகே அவை பெரிதாகும். ஒவ்வொரு உரிப்புக்கும் ஒரு வயிறு ரத்தம் வேண்டும்.

தடிப்பை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. ஒரே மெத்தையில் படுத்த இருவரில் ஒருவருக்கு வரிசையாகத் தடிக்கும். மற்றவருக்கு ஒன்றுமே தெரியாது. டார்ச் அடித்துத் தையலை விரித்துப் பாருங்கள். பேனா முனையால் குத்தியதுபோன்ற கரும்புள்ளிகள் தெரிந்தால், அவை அதன் எச்சம். அதாவது செரித்துப்போன நம் ரத்தம். ஈரப் பஞ்சால் தேய்த்தால் துருநிறத்தில் பரவும். பூச்சியை நசுக்கினால் எழும் நாற்றம் பலருக்குக் கொத்தமல்லித் தழையை நினைவூட்டும். தற்செயல் அல்ல, இரண்டிலும் ஆல்டிஹைடு வகை வேதிப்பொருள்கள் இருக்கின்றன.

நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆனால் பட்டினி போட்டு விரட்ட முடியாது, மாதக்கணக்கில் தாங்கும். கட்டில் காலுக்கடியில் வைக்கும் வழவழப்பான பொறிக் கிண்ணமும் நம் ஊரில் ஏமாற்றலாம். குளிர்நாட்டு இனம் அதில் சறுக்கி விழும். வெப்பமண்டல இனத்துக்குக் காலில் பிடிப்பு மயிர்கள் கூடுதல், ஏறி வந்துவிடும்.

சூடுதான் அதன் எமன். 50 டிகிரி செல்சியஸ் வெப்பம் நன்றாக ஊறினால் முட்டையும் தப்பாது. ஆனால் வெயிலில் போட்ட கட்டிலில் அது நிழல் பக்கமாக நழுவிவிடும். எங்கள் பாட்டி அதனால்தான் கட்டிலைப் புரட்டிப் புரட்டிப் போட்டுத் தரையில் தட்டுவார். விழுந்தவற்றுக்கு வெந்நீர் தயாராக இருக்கும்.