மாஸ்டர்ஸ் படித்தால் ஜிபிஏ ஏறுமா?

போன மே மாதம் ஒரு தம்பதி மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நியூ ஜெர்சியில் ஒரு கல்லூரியில் ப்ரீமெட் மாணவர்களுக்கு, அதாவது டிகிரி முடித்து மருத்துவம் படிக்க நினைப்பவர்களுக்கு, வழிகாட்டுவது என் வேலை. மருத்துவக் கல்லூரிகளுக்கான ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் மே மாதம் திறப்பதால் நம்மவர் வீடுகளிலிருந்து அப்போதுதான் அழைப்பு குவியும். மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா கேட்டார்: "மொத்த ஜிபிஏ 3.0தான் சார். ஒரு மாஸ்டர்ஸ் படிச்சா ஏறிடும்ல?"

ஏறாது. ஜிபிஏ என்பது 4க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்; ஏ என்றால் 4, சி என்றால் 2. ஆம்காஸ் கணக்கில் இளங்கலை ஒரு பெட்டி, முதுகலை வேறு பெட்டி. மாஸ்டர்ஸில் 4.0 வாங்கினாலும் இளங்கலை ஜிபிஏ இருந்த இடத்திலேயே நிற்கும். டிகிரி முடித்த பிறகு இளங்கலைப் பாடங்களையே எடுத்துப் படிப்பதற்குப் பெயர் போஸ்ட்பாக். இந்த மதிப்பெண் தனி வரியிலும் தெரியும், இளங்கலை மொத்தத்திலும் சேரும்.

ஆனால் எவ்வளவு ஏறும்? அவர்கள் முன்னாலேயே ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். இதுவரை படித்தது 120 கிரெடிட் (பாடங்களின் எடை அளவு), ஜிபிஏ 3.0. அதன்மேல் 30 கிரெடிட், எல்லாமே ஏ. விடை 3.2. ஒரு வருடம் கண் விழித்துப் படித்ததற்கு இவ்வளவுதானா என்று அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. 2023இல் எம்.டி. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ 3.77 என்பது அவருக்குத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் படித்திருக்கிறார்.

உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்குக்கும் ஆம்காஸ் தனி ஜிபிஏ போடுகிறது. அந்தப் பெண்ணுக்கு அதில் 50 கிரெடிட், 2.7. அதே 30 கிரெடிட்டையும் இந்தப் பாடங்களிலேயே எடுத்தால் 3.19 ஆகிறது. கிட்டத்தட்ட அரைப் புள்ளி! அதைவிட முக்கியம், தேர்வுக் குழு வருட வாரியாகப் பார்க்கும். இரண்டாம் வருடம் சறுக்கியவள், கடைசி வருடம் கடினமான பாடங்களில் வரிசையாக ஏ வாங்கியிருக்கிறாள் என்பது சராசரியில் தெரியாவிட்டாலும் அந்தப் பட்டியலில் தெரியும்.

டிரான்ஸ்கிரிப்டை மேசையில் விரித்தேன். நான்கு சி, நான்கும் ஒரே வருடம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இயற்பியல், இரண்டு லேப், போதாததற்கு வார இறுதியில் வேலை. ஏன் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்தாய் என்றேன். "மூணு வருஷத்துல முடிச்சா ஒரு வருஷ ஃபீஸ் மிச்சம்னு அப்பா சொன்னாங்க, அங்கிள்." அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சறுக்கியதற்குக் காரணம் தெரியாமல் போஸ்ட்பாக்கில் பணத்தைக் கொட்டினால் அங்கேயும் அதே சிதான் வரும். இதை நிறையப் பேரிடம் பார்த்துவிட்டேன்.

சி வாங்கியதை எல்லாம் திரும்ப எழுத வேண்டுமா? வேண்டாம். பல கல்லூரிகளுக்கு சி போதும். சி மைனஸ், டி என்றால்தான் மறுபடி படித்தாக வேண்டும். புது மதிப்பெண் பழையதை அழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆம்காஸில் இரண்டுமே கணக்கில் வரும். எம்.டி. போலவே டாக்டராக்கும் இன்னொரு பட்டமான டி.ஓ. தரும் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் அந்தச் சலுகை இருந்தது, 2017இல் எடுத்துவிட்டார்கள். நம் அங்கிள்கள் சிலர் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்கானிக்கில் சி வாங்கியவள் பயோகெமிஸ்ட்ரியில் ஏ வாங்கட்டும், அது போதும்.

மருத்துவக் கல்லூரியின் முதல் வருடப் பாடங்களையே படிக்கவைக்கும் சிறப்பு மாஸ்டர்ஸ் உண்டு. செலவு பலமாக இருக்கும். அங்கே நன்றாகச் செய்தால் கதவு திறக்கலாம். ஆனால் அங்கே சறுக்கினால் அதற்குப் பிறகு காட்ட எதுவும் இருக்காது. நான் அதைக் கடைசியில்தான் சொல்வேன்.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்காட்டை, ஜிபிஏவை ஏற்றப் படிக்கும் அதே செமஸ்டரில் நுழைக்காதீர்கள். வாழ்நாளில் ஏழு முறைதான். பதிவு செய்துவிட்டுப் போகாமல் விட்டாலும் ஒரு முறை கழிந்ததுதான்.

ஊரில் பி.எஸ்சி., பி.டி.எஸ். முடித்துவிட்டு இங்கே வந்தவர்களும் கேட்கிறார்கள். வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை ஆம்காஸ் சரிபார்ப்பதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த கிரெடிட்டைத்தான் கேட்கும், அதுவும் வருடக்கணக்கில். பலவற்றில் கிரீன் கார்டும் வேண்டும். ஒரு பாடத்துக்குப் பணம் கட்டும் முன் இந்த இரண்டையும் விசாரித்துவிடுங்கள்.

அந்தப் பெண் இலையுதிர் செமஸ்டரில் வேலையைக் குறைத்துக்கொண்டு பயோகெமிஸ்ட்ரி, ஜெனடிக்ஸ் இரண்டை மட்டும் எடுத்தாள். அந்த மே மாதம் விண்ணப்பிக்கவில்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம்தான். டிசம்பரில் மின்னஞ்சல் வந்தது: "பயோகெம் ஏ மைனஸ், ஜெனடிக்ஸ் ஏ. ஜனவரியில நாலு எடுக்கட்டுமா அங்கிள்?"

மூன்றுக்கு மேல் வேண்டாம், பயோகெம் பேராசிரியர் உன் முகத்தை மறப்பதற்குள் பரிந்துரைக் கடிதம் கேட்டுவிடு என்று எழுதினேன்.