போனேரில் ஒரு வாரம்: நைட்ரஜன் எழுதும் கால அட்டவணை

கரீபியக் கடலில் இருக்கும் போனேர் தீவுக்கு ஸ்கூபா டைவிங் போவதாக இருந்தால், எந்த இடத்தில் இறங்குவது, என்ன மீன் பார்ப்பது என்பதையெல்லாம் அப்புறம் முடிவு செய்யலாம். திரும்பி வரும் விமானம் எத்தனை மணிக்கு என்பதை முதலில் பாருங்கள். சனிக்கிழமை பகல் 2 மணிக்கு விமானம் என்றால், வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குள் கடைசி டைவ் முடிந்து கரையேறியிருக்க வேண்டும். காலை 7 மணி விமானம் என்றால் வெள்ளிக்கிழமை பகல் 1 மணியோடு சரி. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்பது டைவிங் மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதல். ஒரே ஒரு டைவ் மட்டும் செய்தவருக்கு 12 மணி நேரம். கவனமானவர்கள் ஒரு முழு நாளே விடுகிறார்கள்.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் நைட்ரஜன். கடைசி நாளை மட்டுமல்ல, ஒரு நாளைக்கு எத்தனை டைவ், எதை முதலில் செய்வது, நடுவில் எப்போது ஓய்வு என்று அந்த வாரம் முழுவதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன். உடம்பு அதை எதற்கும் பயன்படுத்துவதில்லை. உள்ளே போகிறது, அப்படியே வெளியே வருகிறது. ஆனால் கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் நம்மைச் சுற்றி 4 மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்துக்கு ஈடாகத்தான், சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைத் தரும் கருவியான ரெகுலேட்டர் காற்றைத் தருகிறது. இல்லையென்றால் நெஞ்சை விரித்து மூச்சே இழுக்க முடியாது. அழுத்தம் கூடினால் திரவத்தில் வாயு கூடுதலாகக் கரையும். கோலி சோடாவைத் தயாரிப்பவர்கள் செய்வதும் அதுதான். அழுத்தம் கொடுத்து வாயுவைத் தண்ணீருக்குள் கரைக்கிறார்கள். பாட்டில் மூடியிருக்கும்வரை உள்ளே ஒன்றும் தெரியாது. கோலியை அழுத்தியதும் அழுத்தம் சட்டென்று இறங்க, கரைந்திருந்ததெல்லாம் குமிழியாகப் பொங்கி வருகிறது.

டைவ் செய்பவரின் இரத்தமும் தசையும் கொழுப்பும் அப்படித்தான் நைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்கின்றன. மெதுவாக மேலே வந்தால், கரைந்த வாயு இரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் மூச்சில் வெளியேறிவிடும். வேகமாக வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழிகள் உருவாகும். மூட்டில் வந்தால் வலி. தண்டுவடத்தில் வந்தால் கால் மரத்துப்போகலாம், முடங்கியும் போகலாம். டைவர்கள் இதை பெண்ட்ஸ் என்பார்கள்.

எவ்வளவு வேகம் பாதுகாப்பானது என்பதை முதலில் கணக்காகப் போட்டவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்து, 1908இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் கண்டுகொண்ட முக்கியமான விஷயம், உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் நைட்ரஜனை ஏற்பதில்லை என்பது. இரத்த ஓட்டம் அதிகமுள்ள பாகங்கள் சில நிமிடங்களில் நிரம்பி, சில நிமிடங்களில் காலியாகும். கொழுப்பு போன்றவை மெதுவாக ஏற்று மெதுவாக விடும். இதற்காக அவர் உடம்பை ஐந்து கற்பனைத் தொட்டிகளாகப் பிரித்தார். ஒரு தொட்டி பாதி நிரம்ப 5 நிமிடம், இன்னொன்றுக்கு 10, பிறகு 20, 40, 75. ஆழத்தையும் நேரத்தையும் அளந்து நைட்ரஜனைக் கணக்கிட இன்று கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர்களில் பலவும் சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் பியூல்மன் விரிவாக்கிய கணக்கில் ஓடுகின்றன. அதில் 16 தொட்டிகள். மிக மெதுவான தொட்டி பாதி நிரம்ப 635 நிமிடம், அதாவது பத்தரை மணி நேரத்துக்கும் மேல்.

இந்த 635 என்ற எண்ணைக் கொஞ்சம் மனதில் வையுங்கள்.

இப்போது போனேருக்கு வருவோம். வெனிசுவேலாக் கரைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கும் சிறிய தீவு. 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆம்ஸ்டர்டாமிலிருந்து விமானம் உண்டு. வறண்ட தீவு, ஆறுகள் கிடையாது. அதனால் மண்ணை அடித்துக்கொண்டு வந்து கடலைக் கலக்க எதுவும் இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். காற்று ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். அந்தக் கரையோரச் சாலையில் மஞ்சள் வண்ணம் அடித்த கற்களில் டைவ் இடங்களின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, சிலிண்டரை முதுகில் மாட்டி, நடந்தே கடலுக்குள் இறங்கலாம். படகு தேவையில்லை. தீவைச் சுற்றிய கடல் 60 மீட்டர் ஆழம்வரை 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருப்பதும் ஒரு வசதி. ஆனால் 1999இல் லென்னி புயல் வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தபோது, அமைதியான அந்த மேற்குக் கரையே அடி வாங்கியது.

எனக்குப் போனேரில் மிகவும் பிடித்தது அதன் கடலடி அமைப்பு. கரையிலிருந்து ஆழமில்லாத மணல் திட்டு கொஞ்ச தூரம் போகும். சுமார் 10 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறைச் சரிவு தொடங்கி, 30 மீட்டருக்கும் கீழே இறங்கும். நல்ல டைவ் எப்படி இருக்க வேண்டும் என்று ஹால்டேன் கணக்கு சொல்கிறதோ, அதற்கென்றே செதுக்கிய மாதிரி இருக்கிறது இந்தச் சரிவு. முதலில் ஆழத்துக்குப் போய்விட்டு, பாறையை ஒட்டியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருக்கலாம். மேலே வருமுன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது டைவர்களின் வழக்கம். படகிலிருந்து இறங்குபவர்கள் பல இடங்களில் நீலத் தண்ணீருக்கு நடுவே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த நிமிடங்களைக் கழிக்க வேண்டியிருக்கும். போனேரில் அதே 5 மீட்டரில் கிளிமீன்களைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் திரியலாம். அந்தக் கால் மணி நேரமும் வேகமான தொட்டிகள் காலியாகிக்கொண்டே இருக்கும்.

ஹில்மா ஹூக்கர் என்ற மூழ்கிய சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்வோம். 1984இல் கிராலெண்டைக் துறைமுகத்துக்கு வந்த அந்தக் கப்பலைச் சோதித்தபோது, போலிச் சுவருக்குப் பின்னால் டன் கணக்கில் கஞ்சா இருந்தது. உரிமையாளர் யாரும் வரவில்லை. ஓட்டை விழுந்து நீர் புகுந்துகொண்டிருந்த கப்பலை இழுத்துப்போய்க் கடலில் நிறுத்தி வைக்க, அந்த ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி அது மூழ்கியது. இப்போது சுமார் 30 மீட்டர் ஆழத்தில் மணல்மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

அங்கே எவ்வளவு நேரம் இருக்கலாம்? பொழுதுபோக்கு டைவிங்கில் பரவலாகப் புழங்கும் ஓர் அட்டவணைப்படி, 12 மீட்டரில் 147 நிமிடம், 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம்தான். இதைத் தாண்டினால் நேராக மேலே வர முடியாது. வழியில் கட்டாயமாக நின்று நின்று வர வேண்டும். காற்றுக் கணக்கும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருப்பது 2,200 லிட்டர் காற்று. அவசரத்துக்கு 50 பார் ஒதுக்கினால் மீதி 1,650 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு இது தரைமட்டத்தில் 82 நிமிடம் வரும். 30 மீட்டரில் அழுத்தம் 4 மடங்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் 4 மடங்கு காற்று. ஆக 20 நிமிடம். மேலே ஏறி வரும் நேரமும் இதற்குள்தான் அடங்க வேண்டும். அதனால் கப்பலை 10, 12 நிமிடம் பார்த்துவிட்டு, சரிவில் ஏறிக் கரைப்பக்கம் வந்துவிடுவதுதான் சரி.

ஒரு டைவோடு முடிந்தால் இவ்வளவுதான். ஆனால் போனேருக்கு யாரும் ஒரு டைவுக்காகப் போவதில்லை. காலை ஒன்று, மதியம் ஒன்று, இருட்டியதும் ஒன்று என்று போகும். அந்த 635 நிமிடத் தொட்டி இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. 5 நிமிடத் தொட்டி அரை மணி நேரத்தில் ஏறக்குறைய முழுவதும் நிரம்பிவிடும், கரையேறிச் சாப்பிட்டு முடிப்பதற்குள் காலியும் ஆகிவிடும். 635 நிமிடத் தொட்டியோ, ஒரு மணி நேர டைவில் நிரம்ப வேண்டியதில் 6 சதவீதம்தான் நிரம்பும். அலட்சியப்படுத்தத் தோன்றும் அளவு. ஆனால் இரவு 12 மணி நேரம் ஓய்வெடுத்தாலும் சேர்ந்ததில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வெளியேறும். மறுநாள் முதல் டைவுக்கு நீங்கள் இறங்குவது மீதியையும் சுமந்துகொண்டுதான். மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று பாக்கி ஏறிக்கொண்டே போகும். உடம்பில் ஒரு அறிகுறியும் தெரியாது. வாரத்தின் நடுவில் ஒரு நாளாவது தண்ணீருக்குள் போகாமல் இருங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

இந்தப் பாக்கியோடு விமானம் ஏறினால் என்ன ஆகும்? விமானத்தின் உள்ளே தரைமட்டத்து அழுத்தம் இருப்பதில்லை. சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாக, முக்கால் பங்கு அழுத்தம்வரை இறங்கலாம். தரையில் சாதுவாகக் கரைந்திருந்த நைட்ரஜனுக்கு அது கோலியை அழுத்தியது போல. 18 மணி நேரம் காத்திருந்தால் அந்த மெதுவான தொட்டியிலிருந்தே கூடுதல் நைட்ரஜனில் 70 சதவீதம் போய்விடும். போனேரில் பெண்ட்ஸ் வந்தால் அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தர வசதி இருக்கிறது. அட்லாண்டிக்குக்கு மேலே பறக்கும்போது வந்தால் எதுவும் இல்லை.

நைட்ரஜனைக் குறைக்க ஒரு நேர்வழி உண்டு. சிலிண்டரில் நைட்ரஜனையே குறைத்துவிடுவது. நைட்ராக்ஸ் என்ற கலவையில் பொதுவாக 32 சதவீதம் ஆக்சிஜன், 68 சதவீதம் நைட்ரஜன். 30 மீட்டரில் இதைச் சுவாசிப்பவரின் உடம்பு, சாதாரணக் காற்றோடு 24 மீட்டரில் இருப்பவர் அளவுக்குத்தான் நைட்ரஜனை ஏற்கும். தினமும் மூன்று டைவ் செய்யும் பயணத்துக்கு இது பெரிய உதவி. கிளம்புமுன்பே அதற்கான பயிற்சியை முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஆக்சிஜனும் அழுத்தம் கூடினால் நஞ்சாகும். தண்ணீருக்குள் வலிப்பு வரவைக்கும். அதனால் இந்தக் கலவையோடு சுமார் 33 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அனுமதித்த ஆழத்தைச் சிலிண்டர்மேல் எழுதி ஒட்டுவார்கள். அடைத்துத் தந்தவர் சொன்னார் என்று விட்டுவிடாமல், ஆக்சிஜன் அளவை நீங்களே கருவியில் அளந்து பார்த்துவிட்டு எடுங்கள்.

கம்ப்யூட்டருக்குத் தெரியாத சில விஷயங்களும் இருக்கின்றன. தீவின் வடமேற்கில் ‘ஆயிரம் படிகள்’ என்று ஓர் இடம். உண்மையில் படிகள் எழுபதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் டைவ் முடித்து, சிலிண்டரைச் சுமந்து மேலே ஏறும்போது பெயர் சரிதான் என்று தோன்றும். கரையேறிய உடனே உடம்பை வருத்தினால் குமிழிகள் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் உடுப்பைத் தளர்த்தி, நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அப்புறம் நிதானமாக ஏறுங்கள். வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து உடம்பை வற்றவைக்கும். இரத்த ஓட்டம் குறைந்தால் நைட்ரஜன் வெளியேறுவதும் தாமதமாகும். அங்கே குழாய்த் தண்ணீர் கடல்நீரிலிருந்து சுத்திகரித்தது, தாராளமாகக் குடிக்கலாம்.

இன்னொன்று இதயத்தைப் பற்றியது. தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லோருக்கும் இதயத்தின் வலது, இடது மேலறைகளுக்கு நடுவே ஒரு திறப்பு இருக்கும். பிறந்த பிறகு அது மூடிக்கொள்ளும். ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு முழுவதுமாக மூடுவதில்லை. நுரையீரல் வடிகட்ட வேண்டிய சிறு குமிழிகள் அந்த வழியாக மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போக வழி கிடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. ஆனால் எல்லைக்குள் டைவ் செய்தும் காரணம் புரியாமல் பெண்ட்ஸ் வந்தவர்கள் அவசியம் இதயத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சரி, டைவ் இல்லாத அந்தக் கடைசி நாளில் என்ன செய்வது? வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்கா இருக்கிறது. அதில்தான் தீவின் மிக உயரமான குன்றான பிராண்டாரிஸ். உயரம் 241 மீட்டர். டைவுக்குப் பிறகு 300 மீட்டருக்கு மேல் ஏறும்போதுதான் உயரத்தைக் கணக்கில் எடுக்கிறார்கள். பிராண்டாரிஸ் அதற்குக் கீழே நின்றுவிடுகிறது. ஆனாலும் ஏறுவது உழைப்பு என்பதால், கரையேறி ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகு போங்கள். தெற்கே போனால் உப்பளங்கள். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பாக மாறிய தண்ணீரும், அதே நிறத்தில் பூநாரைகளும். பக்கத்திலேயே, 1850ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய மிகச் சிறிய கல் குடில்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. இந்த உப்பை அள்ளிய அடிமைகள் இரவில் முடங்கிய இடம் அது. வாசலில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. அங்கே கொஞ்ச நேரமாவது நின்றுவிட்டு வாருங்கள்.

மாலையில் கடலை விட்டுப் பிரிய மனசு வராது. முகமூடியும் மூச்சுக்குழாயும் மட்டும் எடுத்துக்கொண்டு, கரையோரம் குப்புற மிதக்கலாம். தரைமட்டக் காற்றையே சுவாசிப்பதால் புதிதாக நைட்ரஜன் சேராது. மூச்சை அடக்கி ஆழத்துக்கு முங்க மட்டும் வேண்டாம். முந்தின நாள் எந்தப் பாறையோடு ஒட்டிப் போனீர்களோ, அதே பாறையை இப்போது மேலிருந்து பார்க்கலாம். உள்ளே மிச்சமிருக்கும் நைட்ரஜன் ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும்.