கொள்ளு வேகிற நேரம்

காங்கேயம் பக்கத்து ஊரில் இருக்கும் என் அம்மாயி வீட்டில் அடுப்பு ரெண்டு. சமையல்கட்டில் அரசாங்கம் கொடுத்த கேஸ் அடுப்பு, பின்பக்கத் தாழ்வாரத்தில் மூணு கல் விறகடுப்பு. காலைக் காப்பியும் சோறும் கேஸில் ஆகிவிடும். கொள்ளு மட்டும் வெளியேதான். "இது வேகறதுக்குள்ள சிலிண்டரே தீந்து போயிருஞ்சாமி" என்பார். வெந்த கொள்ளு மாட்டுக்கு, வடித்த தண்ணீர் நமக்கு ரசத்துக்கு. வேகும் வரை அவர் அந்தப் புகைக்குள்தான் உட்கார்ந்திருப்பார்.

விறகு எரிகிறது என்று சொல்கிறோமே தவிர, கட்டை அப்படியே எரிவதில்லை. சூடேறினால் அதிலிருந்து ஒருவித ஆவி கிளம்பும். தீ நாக்காக நாம் பார்ப்பது அந்த ஆவி எரிவதைத்தான். அது முழுசாக எரிய நல்ல சூடும் போதிய காற்றும் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் எரியாத ஆவி மேலே போய்க் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தார்த் துளிகளாகவும் கரித்துகள்களாகவும் மாறிவிடுகிறது. அதுதான் புகை. ஊதாங்குழலால் ஒரு மூச்சு ஊதியதும் புகை மறைந்து தீ குப்பென்று பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். புதிதாக எரிபொருள் எதுவும் வந்துவிடவில்லை, புகையாகப் போயிருக்க வேண்டியது தீயாக எரிகிறது. ஈர விறகு படுத்துவதற்கும் காரணம் உண்டு. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதைக் கட்டையே தன் தீயிலிருந்து கொடுத்துத் தீர்க்கிறது. அடுப்பு சூடேறாமல் புகைந்துகொண்டே கிடக்கும். மழை நாளில் நனைந்த தென்னை மட்டையை வைத்துத் திணறியவர்களுக்கு இந்தக் கணக்கு கண்ணிலேயே தெரிந்திருக்கும்.

புகைத்துகள்களில் பெரும்பாலானவை 2.5 மைக்ரானுக்கும் சிறியவை. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பெரிய தூசியை மூக்கு முடி தடுக்கும். அதைத் தாண்டியதை மூச்சுக்குழாயின் சளி ஒட்டிப் பிடிக்க, அங்குள்ள நுண்ணிய மயிரிழைகள் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். ஆனால் நுரையீரலின் கடைசி முனையில் இருக்கும் காற்றுப்பைகளில் அந்த மயிரிழைகள் இல்லை. குப்பை வண்டி நுழையாத சந்து மாதிரி. அங்கே போய்ச் சேர்ந்த துகளை விழுங்கிச் செரிக்கச் சில வெள்ளணுக்கள் பாடுபடும். அந்தப் போராட்டமே நாள்பட்ட அழற்சியாகிறது. மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். மூச்சடைப்பு நோய், குழந்தைகளுக்கு நிமோனியா, இதய நோய், கண்புரை எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு. வீட்டுப் புகையால் 2020ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

இந்த நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்பது இந்திய வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 15 என்கிறது. விறகடுப்பு எரியும் நேரத்தில் மூடிய சமையல்கட்டில் அது சர்வ சாதாரணமாக நூற்றுக்கணக்கில் ஏறும், சில சமயம் ஆயிரத்தையும் தாண்டும்.

சரி, புகையைப் பாதியாகக் குறைத்தால் நோயும் பாதியாகுமா? ஆகாது. புகையும் நோயும் நேர்கோட்டில் போவதில்லை. துகள் குறைவாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து விறுவிறுவென ஏறும். ஏற்கனவே ஏராளமாக இருக்கும் இடத்தில் அந்தக் கோடு மேலே போய்த் தட்டையாகிவிடும். ஆக, 600 இருக்கும் சமையல்கட்டை 300க்குக் கொண்டுவந்தாலும் நுரையீரலுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். 1983ல் மத்திய அரசு தொடங்கிய புகையில்லா அடுப்புத் திட்டம் பெரிதாகப் பலன் தராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். புகைபோக்கி வழியாக வெளியேறும் புகை, வாசலைச் சுற்றி ஜன்னல் வழியாகத் திரும்பி வரும். மண் அடுப்பு விரிசல் விட்டால் பூசித்தர ஆளும் இருக்காது. குவாதமாலாவில் புகைபோக்கி அடுப்பு கொடுத்து நடத்திய ஆய்வு 2011ல் வெளியானது. தாய்க்கும் குழந்தைக்கும் புகை பாதியளவு குறைந்தும், மருத்துவர்கள் உறுதிசெய்த நிமோனியா சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை.

கேஸ் அந்தக் கோட்டின் அடிப்பக்கம் வரை நம்மை இறக்கக்கூடியது. 2006ல் வந்த மாநில அரசு இலவசமாக அடுப்பும் இணைப்பும் கொடுத்தது. 2016 மே 1ல் மத்திய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. அரசு பணம் கட்ட, எண்ணெய் நிறுவனங்கள் இணைப்பு கொடுக்க, ஊர் ஏஜென்சி சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்க என்ற கூட்டு ஏற்பாடு. இணைப்புகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. ஆனால் நுரையீரலுக்கு வேண்டிய கணக்கு இணைப்பு எண்ணிக்கை இல்லை, எத்தனை தடவை சிலிண்டர் மாற்றினார்கள் என்பது. உஜ்வலா வீடுகளில் 2019-20ல் அது ஆண்டுக்குச் சராசரி 3 சிலிண்டர். மானியம் 2022ல் 200 ரூபாயாகவும், 2023ல் 300 ஆகவும் ஆன பிறகு நாலைத் தாண்டியது. முழுச் சமையலும் கேஸில் நடக்க ஒரு குடும்பத்துக்கு ஏழெட்டாவது வேண்டும்.

மிச்சம் எங்கே எரிகிறது? அம்மாயியின் தாழ்வாரத்தில். அவர் கணக்கும் தப்பில்லை. 14.2 கிலோ கேஸில் சட்டிக்குப் போய்ச் சேரும் சூட்டை மூணு கல் அடுப்பில் எடுக்க, என் கணக்கில் 180 கிலோ விறகாவது வேண்டும். அந்த 180 கிலோ தோட்டத்தில் மட்டையாகவும் தேங்காய்த் தொட்டியாகவும் சும்மா கிடக்கிறது. சிலிண்டரோ 800 ரூபாய்க்கு மேல்.

தாளவாடி, பர்கூர் மலை ஊர்களில் சிக்கல் வேறு. விலையோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. காலியான சிலிண்டரை மாற்ற மலை இறங்குவதைவிட வேலியோரம் நாலு சுள்ளி பொறுக்குவது சுலபம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு உள்ளூர் ரேஷன் அட்டை இருக்காது. 2021ல் வந்த இரண்டாம் கட்ட உஜ்வலாவில் வெளியூர்த் தொழிலாளிகள் தாங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி போதும் என்றாக்கினார்கள். 5 கிலோ சிலிண்டரும் உண்டு. சின்ன மாற்றம்தான், ஆனால் பத்துக்குப் பத்து அறையில் சமைத்து அங்கேயே தூங்குகிறவர்களுக்குப் பெரிசு.

இந்தியா உட்பட நான்கு நாடுகளில், இங்கே தமிழ்நாட்டில், கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கேஸ் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. கேஸ் கிடைக்காமல் பழைய அடுப்பிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் கிடைத்தவர்களுக்கு அது 24. அப்படியும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. கேஸ் கைக்கு வந்தது கர்ப்பத்தின் தொடக்க வாரங்கள் கழிந்த பிறகுதான். 24 என்பதும் இன்னும் அதிகம். நம் வீட்டில் கேஸ் எரிந்தாலும் பக்கத்து வீட்டு விறகுப் புகை வேலி தாண்டி வரத்தானே செய்யும்? தெரு முழுக்க மாறாமல் ஒரு வீடு மட்டும் கோட்டின் அடிக்குப் போக முடியாது. வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற மருத்துவப் பணியாளர்கள், "பின்னால ரெண்டாவது அடுப்பு இருக்குங்களா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றும்.

தாழ்வாரத்து அடுப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு, குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவது. 20 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 45க்கு ஏற்ற அரை யூனிட் கரண்ட் போதும். தினம் ஒரு வாளி என்றாலும் ரெண்டு மாதத்துக்கு 30 யூனிட். இலவசமாக வரும் 100 யூனிட்டிலேயே அடங்கிவிடும். அம்மாயியிடம் இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரண்ட்ல காச்சுன தண்ணீல ஊத்துனா ஒடம்பு வலி போவுதுங்களா கண்ணு?" என்று திருப்பிக் கேட்டார்.