கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது

"கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம், அப்புறம் என்ன" என்ற பேச்சு, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் போன வாரம் கேட்டபோது மனசு ஆறவில்லை. இரண்டு மாதக் கைக்குழந்தை, உதடும் நகமும் நீலம் பாரித்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை. பால் பவுடரைக் கரைக்கிற தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். அதில் நைட்ரேட் என்ற, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, அனுமதிக்கப்பட்ட அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல். முடிவைச் சொன்னதும் குழந்தையின் அப்பா, "இல்லைங்க மேடம், இருபது நிமிஷம் நல்லா கொதிக்க வச்சுத்தான் கொடுக்கிறோம்" என்றார்.

குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

கொதிக்க வைப்பது கிருமிக்கு வைத்தியம். தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே பாக்டீரியா, வைரஸ், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒட்டுண்ணிகள் எல்லாம் செத்துவிடும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக், ஈயம் எதற்கும் உயிர் கிடையாது, சாவதற்கு. ஆவியாகிப் பறந்து போகவும் போகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், கரைந்திருப்பது பாத்திரத்திலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள இரண்டு லிட்டர் தண்ணீரை ஒரு லிட்டராகக் காய்ச்சினால் அது 200 ஆகிவிடும். அதாவது, ரொம்ப அக்கறையாக ரொம்ப நேரம் காய்ச்சுகிற வீட்டில்தான் குழந்தைக்கு அதிக நைட்ரேட் போகிறது. காய்ச்சி ஆற வைத்து மறுபடி காய்ச்சினாலும் இதே கதைதான். வடிகட்டிக் காய்ச்சினாலும் இதேதான். படித்தவர்களும் கேட்கிறார்கள் என்பதால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நைட்ரேட் உடலுக்குள் நைட்ரைட்டாக மாறி ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுக்கிறது. பெரியவர்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்வார்கள், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை தாங்காது. 1945-இலேயே ஹன்டர் காம்லி என்ற அமெரிக்க மருத்துவர், கிணற்று நீரில் கரைத்த புட்டிப்பாலுக்கும் குழந்தைகள் நீலம் பாரிப்பதற்கும் உள்ள தொடர்பை எழுதிவைத்தார். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டை வரம்பாக வைத்திருப்பது இந்தக் குழந்தைகளை மனதில் வைத்துத்தான். (பரிசோதனை அறிக்கை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: சில கூடங்கள் நைட்ரேட் என்றே எழுதும், சில நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை மட்டும் எழுதும். இரண்டாவது முறையில் 10 என்று இருந்தால் முதல் முறையில் அது ஏறக்குறைய 44. எந்தக் கணக்கு என்று கேட்காமல் "பத்துதானே" என்று நிம்மதியாகிவிடாதீர்கள்.)

சரி, கிணற்றுக்கு அது எங்கிருந்து வருகிறது? கழிவுநீர்க் குழியிலிருந்து, சாணக் குவியலிலிருந்து, வயலில் போடும் உரத்திலிருந்து. போடுகிற தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தில் கிட்டத்தட்ட பாதியைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் மழையோடு கீழே இறங்குகிறது, அல்லது ஓடி ஏரியில் சேர்ந்து பாசியைப் பெருக்கி மீனுக்கு மூச்சு முட்ட வைக்கிறது. "மண் வடிகட்டிவிடும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. கிருமியை ஓரளவு வடிகட்டும், உண்மைதான். நைட்ரேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

"கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கே, வாடைகூட இல்லையே" என்பார்கள் அடுத்து. பங்களாதேஷில் குளத்து நீரால் வரும் வயிற்றுநோயிலிருந்து காப்பாற்ற 1970-களில் ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அதில் ஆர்சனிக் இருப்பது 1993-இல்தான் உறுதியானது. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் குடித்துப் பழகியிருந்தார்கள். அங்கே ஆர்சனிக் நிலத்தின் அடியிலேயே இயற்கையாக இருந்தது, யாரும் கொட்டியதில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் கொட்டினார்கள். பாதரசம் ஏறிய மீனைச் சாப்பிட்டவர்களுக்கு வந்த நரம்பு நோய் அங்கே 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலையின் பாதரசக் கழிவு கடலுக்குப் போவது 1968 வரை நிற்கவில்லை. சாப்பிட்டவர்களுக்கு மீனின் ருசியில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கண்ணும் மூக்கும் நாக்கும் இந்த வேலைக்கு உதவாது.

டிடிஎஸ் மீட்டரும் உதவாது. பேனா அளவில் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு 150 காட்டுகிறது, நல்ல தண்ணீர் என்கிறார்கள். அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மின்கடத்தலை வைத்துக் கணிக்கும் கருவி. ஆர்சனிக்கின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதைப்போல பத்து மடங்கு இருந்தாலும் அந்த மீட்டரில் எண் அசையாது. பூச்சிமருந்தும் கிருமியும் அதற்குத் தெரியவே தெரியாது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துப் பயந்து ஓடிவருபவர்களும் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு, உடம்புக்குக் கெடுதல் இல்லை.

நைட்ரேட்டை எடுக்க புற ஊதா விளக்கு, கரி வடிகட்டி இரண்டுமே பயன்படாது. ஆர்.ஓ. எடுக்கும், அயனிப் பரிமாற்றம் எடுக்கும். ஆனால் ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவு நீரில் அதே நைட்ரேட் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. அதைக் கிணற்றுப் பக்கம் விட்டால் வந்த இடத்துக்கே திரும்பிப் போகும். அடுப்படியில் ஒரு இயந்திரம் வைப்பதால் அந்த வீடு தப்பிக்கலாம், நிலத்தடி நீர் தப்பிக்காது. ஒருமுறை கெட்டால் அது தேறப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் கொட்டுகிற இடத்தில் தடுப்பதுதான் மாசுக் கட்டுப்பாடு.

கழிவுநீர்க் குழியைக் கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டராவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் வையுங்கள். பாறை வெடிப்புள்ள நிலமானால் அதுவும் போதாது. உரத்தை மண் பரிசோதனை செய்து, பயிருக்கு வேண்டிய நேரத்தில், பிரித்துப் பிரித்துப் போடுங்கள். மழை வரப்போகிறது என்று தெரிந்தும் மொத்தமாகக் கொட்டுவது காசையும் கிணற்றையும் சேர்த்துக் கெடுப்பது. பழைய எஞ்சின் எண்ணெய், பேட்டரி, மிச்சமான பூச்சிமருந்து எதையும் மண்ணில் ஊற்றாதீர்கள். பாழடைந்த கிணறு குப்பைத்தொட்டி அல்ல. அதில் போடுவது எந்த வடிகட்டலும் இல்லாமல் நேரே நிலத்தடி நீருக்குப் போகிறது. மேலே ஆலைக்கழிவு ஓடிவந்தால் புகார் கொடுங்கள், தண்ணீர் முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

கைக்குழந்தை உள்ளவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். முடிந்தவரை ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தாய் குடிக்கும் நீரில் உள்ள நைட்ரேட் பாலில் பெரிதாகச் சேர்வதில்லை. புட்டிப்பால்தான் வழி என்றால், கரைக்கும் தண்ணீரை முதலில் சோதியுங்கள். வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்று தெரிந்தவுடனேயே சோதித்துவிட்டால் இன்னும் நல்லது. கிணற்று நீரை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், வெள்ளம் வந்து வடிந்தால் உடனே பார்க்க வேண்டும்.

மாதிரி கொண்டுவரும்போது தயவுசெய்து குளிர்பான பாட்டிலில் கொண்டுவராதீர்கள். கூடத்தில் பாட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிருமிச் சோதனைக்கு ஒன்று, உலோகத்துக்கு வேறொன்று என்று தருவார்கள், உள்ளே மருந்து இருக்கும், கழுவ வேண்டாம். பம்பைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள். பாட்டில் மேல் தேதி, நேரம், எந்தக் கிணறு, பக்கத்தில் குழியோ தொழுவமோ எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். அப்புறம், கொதிக்க வைத்த தண்ணீரைக் கொண்டுவர வேண்டாம், கிணற்றிலிருந்து வருவதை அப்படியே கொண்டுவாருங்கள்.