நாற்பத்தைந்து பேர் போய் இறங்கினால் ஊருக்கு என்ன கிடைக்கிறது?

கோடை நெருங்கினால் எங்களைப் போன்ற டூர் ஏற்பாட்டாளர்களுக்கு வரும் முதல் கேள்வி "தலைக்கு எவ்வளவு?" என்பதுதான். குடியிருப்போர் சங்கம், கல்லூரித் துறை, வங்கி ஊழியர்கள், மகளிர் குழு என்று யார் கூப்பிட்டாலும் இதே கேள்வி. தவறில்லை. பணம் கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும். அந்தத் தொகையில் போகிற ஊருக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று கேட்பவர்கள்தான் குறைவு. கோவையிலிருந்து நீலகிரிக்குக் குழுக்களை அழைத்துப் போகும் தொழிலில் இருப்பதால், கேட்கப்படாத அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலை எழுதுகிறேன்.

வழக்கமான இரண்டு நாள் பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் கோவையில் பிடித்தது. டீசல் மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் நிரப்பியாகிவிடும். அறை ஏதாவது ஒரு ஆப் வழியாகப் போட்டது, அதில் ஒரு பங்கு ஆப்புக்கு. லாட்ஜ் முதலாளி பெரும்பாலும் வேறு ஊர்க்காரர். சாப்பாட்டுக்குச் சமையல்காரரும் அரிசி மூட்டையும் காய்கறியும் பஸ்ஸின் டிக்கியிலேயே வந்துவிடும். நுழைவுக் கட்டணம், படகுக் கட்டணம் அரசுக்கு. மிஞ்சுவது ஒரு டீ, ஒரு பொட்டலம் வர்க்கி, குழந்தைகளுக்குச் சோளக்கதிர். ஊர் நமக்குக் கொடுப்பது தண்ணீர், கழிப்பறை, சாலை, போக்குவரத்து நெரிசலைச் சகித்துக்கொள்ளும் பொறுமை. நாம் விட்டுவிட்டு வருவது எச்சில் தட்டும் குப்பையும். பொறுப்பான சுற்றுலா என்று பெரிய பேச்செல்லாம் பேசுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

சமையல்காரரைக் கூட்டிப் போவது நம் ஊர்ப் பழக்கம். காசி யாத்திரை போனாலும் கன்னியாகுமரி போனாலும் நம் சாம்பார் நம்மோடு வர வேண்டும். வயதானவர்கள் இருக்கும் கோயில் யாத்திரைக்கு அதில் நியாயம் உண்டு. இரண்டு நாள் மலைப் பயணத்துக்கு எதற்கு? செலவு குறையும் என்பார்கள். சமையல்காரர், உதவியாளர் சம்பளம், மண்டப வாடகை, பாத்திர வாடகை எல்லாம் கூட்டினால் பெரிதாக ஒன்றும் குறைவதில்லை. அப்புறம், ஆட்கள் ஏறும் வண்டியில் கேஸ் சிலிண்டர் ஏற்றுவது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து, லக்னோவிலிருந்து வந்த குழுவில் 9 பேர் இறந்தார்கள். பெட்டிக்குள் விதியை மீறி ஏற்றிய சிலிண்டரும் சமையலும்தான் அங்கே எமனானது. அதற்குப் பிறகும் "பின்னாடி ஒரு சின்ன சிலிண்டர் மட்டும் வச்சுக்கலாமா சார்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முடியாது என்றால் முடியாதுதான்.

சரி, மாற்று என்ன? குழுவாகப் போகிறவர்களிடம் தனியாகப் போகிறவர்களிடம் இல்லாத ஒரு பலம் இருக்கிறது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வருகிறோம் என்று அவர்களால் பத்து நாள் முன்பே சொல்ல முடியும். காரில் நாலு பேராகப் போகிறவர்கள் பசிக்கும்போது எந்த ஓட்டல் கண்ணில் படுகிறதோ அங்கே நிறுத்துவார்கள். கண்ணில் படுவது பெரிய போர்டு வைத்த ஓட்டல்தான். உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹட்டியில் (நீலகிரியின் படுகர் மக்கள் வாழும் கிராமம்) சமைக்கத் தெரிந்த பத்துப் பெண்கள் இருந்தாலும், யார் வருவார்கள் என்று தெரியாமல் அவர்களால் உலை வைக்க முடியாது. நாற்பத்தைந்து பேர் சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு வருகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் முடியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாப்பாடு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 45 பேருக்கு 6,750 ரூபாய். இது ஒரு மகளிர் குழுவின் கைக்குப் போனால், அரிசி, எண்ணெய் தவிர மீதியெல்லாம் பக்கத்து வீட்டிலிருந்தும் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும்தான் வரும். கேரட்டும் பீன்ஸும் அங்கேயே விளைகிறது, அவரை வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவர்கள் கையில் முதலீடு கிடையாது. மளிகைக் கடையில் கடன் சொல்லிச் சமைத்துவிட்டு, குழு வரவில்லை என்றால் அந்தக் கடனை யார் அடைப்பது? இன்னொன்று, ஆள் கணக்கு. நாற்பத்தைந்து என்று சொல்லிவிட்டு முப்பத்திரண்டு பேர் போய் நின்று, "முப்பத்திரண்டுக்குத்தானே காசு" என்று பேசுவது நம் ஆட்களிடம் சர்வசாதாரணம். நட்சத்திர ஓட்டலில் இப்படிப் பேசுவோமா? அங்கே முழுப் பணமும் வாங்கிக்கொண்டுதான் சாவியைத் தருவார்கள். எங்கள் ஒப்பந்தத் தாளில் இப்போது தெளிவாகவே எழுதிவிடுகிறோம்: மூன்று நாளுக்கு முன் சொன்ன எண்ணிக்கைக்குப் பணம் உண்டு, ஆள் குறைந்தாலும் குறையாது.

என்ன சமைக்க வேண்டும் என்று நாம் ஆணையிடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ராகிக் களியும் அவரைக் குழம்பும் செய்கிற வீட்டில் போய்ப் பனீர் பட்டர் மசாலா கேட்டால், பனீர் மறுபடி கோவையிலிருந்துதான் ஏற வேண்டும்.

இப்படி முன்கூட்டியே சொல்லி வாங்குவதை ஒரு ஊர் முழுக்கச் செய்து காட்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது: கேரளத்தில் குமரகம். வேம்பநாட்டுக் காயலை ஒட்டி ரிசார்ட்டுகள் முளைத்தபோது, உள்ளூர்க்காரர்களுக்கு அதனால் என்ன பயன் என்ற கசப்பு அங்கே இருந்தது. 2008-இல் பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் அங்கே தொடங்கி, ஊராட்சியும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் ஓட்டல்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஓட்டல் சமையலறைக்கு வேண்டிய காய்கறியில் ஒரு பகுதியை உள்ளூர்க் குழுக்களிடம் வாங்குவது என்று முடிவானது. விலையைப் பேசி வைக்கவும் தரத்தைப் பார்க்கவும் தனித்தனிக் குழு. தரிசாகக் கிடந்த நிலத்திலும் காய்கறி போட்டார்கள். கயிறு திரிப்பது, ஓலை பின்னுவது, கள் இறக்குவது ஆகியவற்றைக் காட்டும் கிராமச் சுற்றுலாவும் பிறகு வந்தது. வேலை செய்து காட்டுகிறவருக்கு அதற்கென்று கூலி. 2013-க்கான ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் யுலிஸஸ் விருது இந்தப் பணிக்குக் கிடைத்தது. 2017-இல் கேரள அரசு இதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோக ஒரு தனி இயக்கமே தொடங்கியது. விருதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த விலைக் குழுதான். நல்லெண்ணத்தை நம்பி ஒரு சீசன்தான் வியாபாரம் ஓடும். பேசி வைத்த விலை இருந்தால்தான் அடுத்த சீசனுக்கும் விதை போடுவார்கள்.

நீலகிரிக்கே திரும்புவோம். கடைக் கமிஷன் விஷயத்தை மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. டீத்தூள், சாக்லேட், தைலம் விற்கும் பெரிய கடைகள் சில, பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தும் ஓட்டுநருக்கும் கைடுக்கும் விற்பனையில் பங்கு கொடுக்கும். அந்தப் பங்கு நீங்கள் கொடுக்கும் விலைக்குள்தான் இருக்கிறது. பக்கத்திலேயே அதே டீத்தூளைக் குறைந்த விலைக்கு விற்கும் சின்னக் கடைக்காரரால் கமிஷன் கொடுக்க முடியாது, அதனால் அவர் கடை முன் பஸ் நிற்காது. இதற்கு ஓட்டுநரைத் திட்டுவது சுலபம். அவருக்கு நாம் என்ன பேட்டா கொடுக்கிறோம், இரவு எங்கே படுக்கிறார் என்று பார்த்தோமா? ஊட்டிக் குளிரில் பஸ் சீட்டில் சுருண்டு படுத்துவிட்டு, விடிந்ததும் கொண்டை ஊசி வளைவில் நாற்பத்தைந்து உயிரை இறக்கிக் கொண்டுவர வேண்டியவர் அவர். ஓட்டல், லாட்ஜ்களில் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் கட்டட விதியையே திருத்தியது. அறை போடும்போதே இதைக் கேளுங்கள். பேட்டாவும் சாப்பாடும் படுக்கையும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, "கமிஷன் கடை வேண்டாம்" என்று முன்பே பேசிவிட்டால் ஒப்புக்கொள்ளும் ஓட்டுநர்கள் நிறையப் பேர். என் அனுபவத்தில் தகராறு வருவது பேட்டாவில் பேரம் பேசிய வண்டிகளில்தான்.

பொருள் வாங்குவதில் ஒரே ஒரு உதாரணம். நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்களின் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, சட்டம் மாட்டாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணிக் கையால் போடும் வேலை அது. அவர்கள் போர்த்திக்கொள்ளும் புத்துக்குளியில் பார்க்கலாம். ஒரு போர்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். கடைவீதியில் அதே சாயலில் இயந்திரத்தில் தைத்தது மலிவாகக் கிடைக்கும். திருப்பிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்: கைவேலையின் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலவே சுத்தமாக இருக்கும். கையால் செய்ததை வாங்க முடிந்தால் சொன்ன விலைக்கு வாங்குங்கள். இல்லையென்றால் பேரம் பேசாமல் பார்த்துவிட்டு வாருங்கள். தேன், மிளகு, காப்பி வாங்குவதற்குக் கோத்தகிரிப் பக்கம் ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் போன்றவை இருக்கின்றன. தேன் எடுக்கிறவர்களே அதில் பங்குதாரர்கள்.

ஆனால் தோடர்களின் குடியிருப்பான மந்துக்கு நாற்பத்தைந்து பேரை இறக்கிவிடச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். ஏழெட்டு வீடு இருக்கிற இடம் அது. ஒரு பஸ் கூட்டம் நுழைந்து, கோயில் பக்கம் போய் நின்று செல்ஃபி எடுத்து, வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்காமல் படம் பிடித்தால் அது வீடு புகுவதற்குச் சமம். அங்கிருந்து யாராவது அழைத்தால், அழைத்தபடி, சிறு குழுவாக, அவர்கள் ஊரைச் சேர்ந்த ஒருவரை வழிகாட்டியாக வைத்து, அவருக்குரிய கூலியைக் கொடுத்துப் போகலாம்.

தண்ணீர் பற்றி. ஏப்ரல், மே மாதங்களில் குன்னூருக்குத் தண்ணீர் தரும் ரேலியா அணை வற்றி, ஊர்க்காரர்கள் குடத்தோடு காத்திருக்கும் செய்தியைப் பல ஆண்டுகள் பார்த்திருப்பீர்கள். அதே வாரம் லாட்ஜில் லாரித் தண்ணீர் நிரம்பி வழியும். துணி துவைப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். குடிக்க 20 லிட்டர் கேன் பஸ்ஸில் இருக்கட்டும், ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கையில் இருக்கட்டும். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. சோதனைச் சாவடியில் பாட்டிலைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டு வாக்குவாதம் செய்யும் குழுக்களை இன்றும் பார்க்கிறேன். வழியில் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன.

இ-பாஸ், அதாவது வண்டிக்கு முன்பே ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி பற்றியும் கேட்பார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. பிழைப்புப் போகிறது என்று ஏப்ரல் 2 அன்று உள்ளூர் வணிகர்கள் கடையடைத்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நாற்பத்தைந்து பேர் கார்களில் போனால் பதினோரு பன்னிரண்டு வண்டி, பஸ்ஸில் போனால் ஒன்று. வண்டி குறைந்து வாடிக்கையாளர் குறையாமல் இருக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு பஸ்ஸில் வந்தவர்கள் ஊருக்குள் பணம் செலவழித்தால்தான் கடைக்காரருக்கு அந்தக் கணக்கு சரியாக வரும்.

எப்போது போவது என்பதையும் கொஞ்சம் யோசிக்கலாம். எல்லோரும் மே மாதத்தில் குவிவதால், சமைப்பவருக்கும் வழிகாட்டிக்கும் இரண்டு மாதம் மூச்சுவிட நேரமில்லை, பிறகு மாதக்கணக்கில் வேலையில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை பர்லியார் சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் வரும். ஏறும்போதே நிறுத்தி வாங்கிக்கொள்ளுங்கள், குரங்குக்கு மட்டும் தோலைக்கூடப் போடாதீர்கள். ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும், அறை வாடகையும் குறைவு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் மண் சரியும், மலை ரயில் நிற்கும். அந்த மாதங்களுக்கு முன்பதிவு செய்தால், சாலை மூடினால் பயணத் தேதியை மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி மாறும்போது, ஹட்டியில் சமைக்க ஒப்புக்கொண்டவர்களுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்க மாட்டோம் என்ற வரியும் அதே தாளில் இருக்கட்டும்.