கடமைப் பட்டியலில் இல்லாத வேலை

இலங்கையின் மலையக வைத்தியசாலைகளின் தாதியருக்கு உளவளத்துணை வழங்கும் எனக்கு, "முன்பு எவ்வளவு நல்ல பிள்ளை, இப்போது எல்லோரிடமும் எரிந்து விழுகிறார்" என்ற முறைப்பாடு பழகிப்போன ஒன்று. சொல்பவர்கள் இதைக் குணக்கேடு என்றே எண்ணுகிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ, 2019இல் ஏற்கப்பட்ட தன் பதினோராவது நோய் வகைப்பாட்டில், தொழில்சார் சோர்வை ஒரு நோயாகக்கூடக் கருதாமல், முறையாகக் கையாளப்படாத நீண்டகால வேலைத்தள அழுத்தத்தின் விளைவாக வரையறுத்துள்ளது. உடலும் மனமும் வற்றிப்போதல், வேலைமீது வெறுப்பும் விலகலும், தன் வேலைத்திறன் குறைந்துபோதல் ஆகியவை அதன் மூன்று கூறுகள். இரண்டாவது மட்டுமே வெளியே தெரிவதால் பழி தாதியின் சுபாவத்தின்மேல் விழுகிறது.

நான் கண்டவரை முதலில் சோர்ந்துபோகிறவர் வேலைக்குக் கள்ளம் செய்பவர் அல்லர்; எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவரே. மலையகத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. மருத்துவர் சிங்களம் மட்டும் பேசுபவராகவும், தோட்டத்திலிருந்து வந்த அம்மா தமிழ் மட்டும் அறிந்தவராகவும் இருந்தால், இரண்டும் தெரிந்த தாதியே இருவருக்கும் வாயாகிறார். குளவி கொட்டிய கொழுந்து பறிக்கும் பெண்கள் நால்வர் ஒரே நேரத்தில் விடுதிக்கு வருகையில், ஊசி போட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, மூச்சுத் திணறல் உண்டா என்று கவனிக்க வேண்டிய அதே தாதி, முன்பு ஒவ்வாமை இருந்ததா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சொல்லவும் வேண்டும். அதற்கிடையில் பக்கத்து விடுதியிலிருந்தும் "மிஸ், சம்மதப் பத்திரத்தை விளங்கப்படுத்த ஒருக்கா வாங்க" என்று ஆள் வரும். இந்த உழைப்பு கடமைப் பட்டியலில் எங்கும் எழுதப்படுவதில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியோடு பலர் வெளிநாடு போய்விட்டதால், எஞ்சியோரின் சுமை இன்னும் கூடியது.

சம்பளமும் வசதியும் அதிருப்தியைக் குறைக்கும், ஆனால் ஊக்கம் அங்கீகாரத்திலிருந்தும் பொறுப்பிலிருந்துமே பிறக்கும் என்று உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இலேயே வாதிட்டார். மே 12, தாதியர் தினத்தில் கேக் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை; மறுநாள் காலையில் பட்டியல் பழையபடியே இருந்தால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மொழிபெயர்ப்பை ஒரு கடமையாக எழுதி, அன்று அதைச் செய்பவரிடமிருந்து சில கட்டில்களைக் குறைத்துவிடுவதே அங்கீகாரம் என்று பொறுப்புத் தாதியரிடம் சொல்லி வருகிறேன். இரவுக் கடமை முடித்து உறங்குபவரை, ஆள் குறைகிறது என்று தொலைபேசியில் எழுப்பாதிருப்பதும் அதில் அடங்கும்.

தாதியர் தங்களிடமே கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. தொழில்சார் சோர்வு பெரும்பாலும் வேலையைச் சுற்றியே நிற்கும். வீட்டிலும் எதிலும் நாட்டமின்றி, உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் கெட்டு, வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பும் எழுமானால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். லீவு போட்டு ஊருக்குப் போய் வருவது அதற்கு மருந்தாகாது. தாமதியாமல் மனநல மருத்துவரைக் காணுங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள்.